பழுப்புத் தொட்டியில் நான்கு மூட்டை

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் கழிவுநீர் நிலையத்தில், பரிசோதனைக்கூடம் என்ற பெயரில் எனக்கு ஓர் அறை உண்டு. ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கால் ஆடும் ஒரு நாற்காலி. பதினாறு வருடமாகக் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, காற்று ஊதும் பழுப்புத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறேன். அலுத்துவிட்டது. ஆனாலும் பார்க்கிறேன்.

அந்தத் தொட்டியில் உண்மையாக வேலை செய்வது பாக்டீரியா. அதற்கு ஷிப்டும் இல்லை, லீவும் இல்லை. தோலிலிருந்து கரைந்து வரும் கொழுப்பையும் புரதத்தையும் தின்று தீர்ப்பதுதான் பிழைப்பு. ஒவ்வொன்றும் ஒற்றைச் செல். வெளியே கெட்டியான சுவர். உள்ளே உட்கரு என்று தனி அறை கிடையாது. ஒற்றை அறை வீட்டில் பாயும் பாத்திரமும் ஒன்றாகக் கிடப்பது மாதிரி, அதன் டி.என்.ஏ. நடுவிலேயே சுருண்டு கிடக்கும்.

என் பழைய நுண்ணோக்கியில் அது வெறும் புள்ளி. அதனால் நான் தேடுவது அதைத் தின்கிற இன்னொன்றை. காம்பு வைத்த சின்ன மணி மாதிரி இருக்கும். அதுவும் ஒற்றைச் செல்தான். ஆனால் உட்கரு உண்டு, வாய் உண்டு, சுருங்கி நிமிரும் காம்பு உண்டு. செல்லின் அமைப்பை வைத்துப் பார்த்தால் அது நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். மணிகள் ஆடினால் தொட்டி நலம்.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நாற்றம் ஜாஸ்தியாக இருக்கிறது, பழுப்புத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுங்கள் என்றார். நாற்றம் அதிலிருந்து வரவில்லை. கழிவு முதலில் வந்து தேங்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து வருகிறது. பழுப்புத் தொட்டி நன்றாக இருந்தால் ஈர மண் வாசனைதான் அடிக்கும். அதைச் சொன்னேன். உள்ளே இருப்பவை செத்துப்போகும் என்றும் சொன்னேன்.

"பாக்டீரியான்னா கிருமி தானே மேடம், சாவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் மாதனூர்க்காரர். என்னைவிடப் பழையவர். அவர் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, தோலை ஊறவைக்கும் பகுதியில். நான்கு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தொட்டி விளிம்பில் அடுக்கி வைத்துவிட்டு, மேனேஜர் போன திசையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கொட்டட்டுமா மேடம்?"

எனக்குக் கால் கடுத்தது. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. இன்னொரு முறை மாடியில் மேனேஜர் அறைக்குப் போய் அதே வாதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பில்லை. "சார் சொல்லிட்டாரு இல்ல, கொட்டுங்கண்ணே" என்றேன்.

மறுநாள் காலை ஒரு மணிகூட ஆடவில்லை. காம்புகள் நீட்டியபடி நின்றிருந்தன. தொட்டி மேல் வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. வெளியே போகும் தண்ணீர் கலங்கி வந்ததால், புதுக் கழிவை உள்ளே விட முடியவில்லை. தோல் ஊறவைக்கும் பகுதியை மூடினார்கள். அங்கே வேலை செய்த பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் மாதனூருக்குப் போகவில்லை. பார்வையிட வந்தவர்கள் நுரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாக்டீரியா எல்லாம் சாகவில்லை. பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வாழ்கிற சாதி அது. கட்டியின் வெளிப்பக்கம் இருந்தவை செத்தன, நடுவில் இருந்தவை தப்பின. அவற்றுக்கு நானும் ஆபரேட்டரும் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினோம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஆனால் அவசரப்படுத்த முடியாது. தினமும் சொட்டு எடுத்துப் பார்த்தேன், தினமும் மணி இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். வேலையில்லாமல் வீட்டில் இருந்த அவர் மனைவியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் ஒரே ஒரு மணி சுருங்கி நிமிர்ந்தது. சந்தோஷம் வரவில்லை, உட்காரத்தான் தோன்றியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இனி ஊறவைக்கும் பகுதியைத் திறந்துவிடுவார்கள் என்றேன்.

அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அன்னிக்கு நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கொட்டியிருக்க மாட்டேன் மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் எழுந்து போன பிறகு அந்த மணி இருந்த கண்ணாடித் துண்டை நான் கழுவாமலே வைத்திருந்தேன், சொட்டு காய்கிற வரை.