லாபத்தை எண்ணாத கலியமூர்த்தி

மண் டெஸ்ட் எடுக்கிறவனைப் பார்த்ததும் புதுச்சேரியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை அடியில் தண்ணீர் என்பதுதான். போர்வெல்காரன் இல்லை என்று விளக்கியே எனக்குப் பாதி வயசு போயிற்று. வீடு கட்டப் புறப்பட்டு நொந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

களிமண்ணின் ஞாபகம்

மூலக்குளத்தில் மனை வாங்கிய ஜவுளிக்கடை பஷீர் பாய்க்கு ஒரே கவலை. கீழே தான், மாடியில் தம்பி என்று வீடு கட்ட வேண்டும். தம்பியோ நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறார். அடியில் இருப்பது களிமண். அது மாடியைத் தாங்காது என்றால் தம்பியைக் கூப்பிடச் சாக்கே இல்லை.

நான் விளக்கினேன். குழாயை மண்ணில் நிறுத்தி இரும்புக் குண்டால் அடிப்போம். எத்தனை அடி அடித்தால் குழாய் இறங்குகிறது என்பதை வைத்து, அந்தக் களிமண் முன்பு எவ்வளவு பாரம் சுமந்து இறுகியது என்று கணிப்போம். பாரம் போனாலும் இறுக்கம் போகாது. அதைவிடக் குறைவாக ஏற்றினால் மண் அவ்வளவாக அமுங்காது. பாய் தாடியைத் தடவினார்.

"பாரத்த எடுத்தப்புறமும் மறக்காதா? அப்ப எங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க சார்."

லாபம்

குண்டு இழுக்கப் புதிதாகச் சேர்ந்த கலியமூர்த்தி ஐம்பது வயசு விவசாயி. அவர் அடியை எண்ணிச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். மூன்று மீட்டர் ஆழத்தில், பதினைந்து பதினைந்து சென்டிமீட்டராக இரண்டு தடவை எண்ணி, ரெண்டும் ரெண்டும் நாலு என்றார். நாலே அடியில் இறங்கும் மெத்து மண் என்றால் மாடியை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் குழாயில் வந்த மண்ணோ கட்டைவிரலைச் சுலபத்தில் உள்ளே விடவில்லை.

சற்றுத் தள்ளி இன்னொரு துளை போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை புதிதாக எண்ண வேண்டும். மனுஷன் ஒவ்வொரு முறையும் முதல் அடிக்கு 'லாபம்' என்றார், இரண்டாவதுக்குத்தான் 'ஒண்ணு'. அப்படி இரண்டு அடி காணாமல் போயிருந்தது. நிஜத்தில் ஆறு! எனக்கு வந்த கோபத்தில் ஏன் இப்படி என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"நெல்லு அளக்கறப்ப மொத மரக்கா லாபம், அது சாமிக்கு சார், அத எப்படி கணக்குல சேக்கறது?"

சம்மதம்

எல்லாவற்றையும் சரியாக எண்ணி, மண்ணை லேபிலும் அமுக்கிப் பார்த்தேன். என்றோ தண்ணீர் வற்றி வறண்ட களிமண் அது. வறண்டு இறுகுவதும் பாரம் சுமந்த கணக்குதான். ஒரு மாடி வீட்டைத் தாராளமாகத் தாங்கும் என்று எழுதினேன்.

பாய் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டார். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். சலாம் சொல்லிவிட்டு பாய் ரிப்போர்ட்டின் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மண்ணு ஒத்துக்கிச்சு, காதரு. இனி நீதான் ஒத்துக்கணும்."

தம்பி என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் மண்ணுக்கு மட்டும்தான் ரிப்போர்ட் எழுதுகிறேன்.