சாவுப் பதிவேட்டை யாரும் புரட்டுவதில்லை

எல்வியோ கிரார்தோத்திக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரரின் புது டிராக்டரை அவர் நிமிர்ந்தும் பார்த்ததில்லை. கூடப் படித்தவன் ரொசாரியோவில் மூன்று மாடி கட்டினான் என்றபோது நல்லது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். உயிரோடு இருப்பவர்கள் வைத்திருக்கும் எதன் மேலும் அவருக்கு ஆசையில்லை. அவருக்கு வயிறெரிந்ததெல்லாம் செத்தவர்கள் விஷயத்தில்தான். அதுவும் அடுத்த வீட்டுச் செத்தவர்கள்.

அர்ஜென்டினாவில் வால்சேரா என்ற சிற்றூரில் பிறந்தார், வால்சேராவிலேயே பால் கூட்டுறவுச் சங்கத்தின் சோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். எந்தப் பண்ணைக்காரர் பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார் என்பது பாதிரியாருக்குக்கூடத் தெரியாது, எல்வியோவுக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதருக்கு வம்சாவளி ஆராய்ச்சியில் பிரியம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அங்கேயும் தண்ணீர் கலப்பவர்கள் ஏராளம்.

ஊரில் பாதிப் பேர் இத்தாலியில் பியெமோந்தே மலைச்சரிவிலுள்ள வில்லாஃபோர்னா என்ற ஒரே கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள். மீதிப் பாதி அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வியாழக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு இத்தாலியச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் பதினைந்து பேர் கூடி, தங்கள் கொள்ளுத்தாத்தாக்களைத் தேடுவார்கள். பத்தொன்பது வருஷமாக எல்வியோதான் அந்தக் குழுவின் செயலாளர். வில்லாஃபோர்னா கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படச்சுருளில் வரவழைத்து, 1838 முதல் 1900 வரை பிறந்த நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை அகரவரிசைப்படுத்தி ஒரு அட்டவணை போட்டவர் அவர். ஆறு வருஷ உழைப்பு. குழுவில் யாரும் இப்போது மூலப் பதிவேட்டைத் திறப்பதில்லை, அட்டவணையைத்தான் திறப்பார்கள். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதைப் பொறாமை இல்லாத குணத்தோடு சேர்த்தே சொல்வார்.

புதிதாகச் சேரும் எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் எடுப்பார். "மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு. இது சட்டம் மாதிரி. அப்போ அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மூத்த பையன் பொறந்தா என்ன ஆகும்? ஒரே வீட்ல ஒரே பேர்ல ரெண்டு குழந்தை. அவசரப்பட்டுக் கையை வைக்காதீங்க."

போன வருஷம் மார்ச்சில் மிர்தா ஒதாஸ்ஸோ சேர்ந்தாள். சதுக்கத்துக்கு எதிரே முப்பது வருஷமாகப் பெண்களுக்கான முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், விதவை. பாடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் குடும்பக் கதைகளைக் கொட்டியிருந்தார்கள் என்பதால், யாருக்கு யார் என்ன உறவு என்பது அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து மாத்தே என்ற இலைத் தேநீரை ஊற்றிச் சுற்றுக்கு விடும் வேலையும் அவளிடம் போயிற்று. அதுவரை அதைச் செய்தவர் எல்வியோ. அவர் ஊற்றினால் இலை கசக்கிறது என்று இத்தனை வருஷம் ஒருவரும் சொல்லவில்லை. அவள் ஊற்ற ஆரம்பித்ததும் எல்லாரும் சொன்னார்கள்.

எல்வியோவின் வம்சம் 1742-இல் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஏற வில்லாஃபோர்னா பாதிரியாருக்கு ஏழு கடிதம் எழுதியிருந்தார், பதில் இல்லை. மிர்தா ஒன்று எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது, கோவிலின் புகைப்படத்தோடும் பாதிரியாரின் அக்கா செய்யும் பூண்டுக் குழம்பின் செய்முறையோடும். எட்டே மாதத்தில் அவள் 1640-ஐத் தொட்டுவிட்டாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா மத்தேயோ ஒதாஸ்ஸோ. அவருடைய அம்மா கத்தரீனா ரொலாந்தோ. ரொலாந்தோக்களோ ஏழு தலைமுறையாகப் பத்திரம் எழுதிய குடும்பம். பத்திரம் எழுதுகிறவர்கள் தங்களைப் பற்றியும் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் வெறும் எரிச்சலாகவே முடிந்திருக்கும். ஆனால் செப்டம்பரில் இத்தாலியச் சங்கத்துக்கு நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழா. கூடத்தின் பிரதானச் சுவரில் ஒரே ஒரு குடும்ப மரத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாக முடிவாகியிருந்தது. ஆதாரத்தோடு எவருடைய வம்சம் மிகப் பழையதோ அவருடையது. இந்த விதியைக் கொண்டுவந்தவரே எல்வியோதான், ஐந்து வருஷத்துக்கு முன். அப்போது குழுவில் வேறு யாரும் 1800-ஐத் தாண்டியிருக்கவில்லை.

"கிழவா, சூப்பு ஆறுது," என்றாள் அவர் மனைவி நெல்சா.

"ஆயிரத்தறுநூத்து நாப்பது. முடிவெட்டறவ."

"என் முடியையும் அவதான் வெட்டறா. நல்ல கை."

"கையைப் பத்தி இங்க யாரு பேசினா?"

"நீதான் எட்டு மாசமா அதையே பேசறே. அவ தொட்டது துலங்குது, நீ தொட்டது முட்டுது. குடி, சூப்பைக் குடி."

அங்கே குளிர்காலமான ஜூனில் அவர் ஒரு காரியம் செய்தார். வம்சாவளிக்காரர்கள் யாருமே செய்யாத காரியம். சாவுப் பதிவேட்டை எடுத்தார். எல்லாருக்கும் பிறப்புத்தான் வேண்டும், கல்யாணம் வேண்டும். குழந்தையாகச் செத்தவனுக்கு வாரிசு இல்லை, ஆகவே அவனைத் தேடி வருகிறவனும் இல்லை. பதினோரு நாள் படச்சுருளை உருட்டினார். தேடியது ரொலாந்தோக்களின் வண்டவாளம் ஏதாவது கிடைக்குமா என்று. கிடைத்தது வேறு. 1859 ஆகஸ்ட், மத்தேயோ, ஜொவான்னி ஒதாஸ்ஸோவுக்கும் கத்தரீனா ரொலாந்தோவுக்கும் மகன், வயது பதினேழு மாதம், காய்ச்சல்.

அன்றைக்கு எல்வியோ இரண்டு தட்டு ரவியோலி சாப்பிட்டார். நெல்சா தட்டை மட்டும் பார்த்தாள்.

செத்துப்போன மத்தேயோவால் அர்ஜென்டினா வந்து ஒன்பது பிள்ளை பெற முடியாது. அப்படியானால் அதே வருஷம் பிறந்த வேறொரு மத்தேயோ ஒதாஸ்ஸோ இருந்தாக வேண்டும். மறுநாள் காலையில் ஞானஸ்நானப் பதிவேட்டின் சுருளைப் போட்டார். 1858 நவம்பரில் இருந்தான். ஜொவான்னியின் தம்பி மிக்கேலேயின் மூத்த மகன். இரண்டு பேருக்கும் தாத்தா பெயர். அம்மா பெயர் லூயிஜா. அவள் அநாதை இல்லத்து வாசலில் விடப்பட்டவள், பெற்றோர் தெரியாது. மிர்தாவின் 1640 அந்த இடத்திலேயே அறுந்து விழுந்தது. அப்பா வழியில் ஏறினாலும் 1790-க்கு மேல் இல்லை.

இந்த நவம்பர்க் குழந்தை அட்டவணையில் ஏன் வரவில்லை என்ற கேள்வி அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் எழுந்தது. அலமாரியிலிருந்து பழைய கைப்பிரதியை எடுத்தார். அந்தப் பெயர் இருந்தது, சிவப்பு மையால் அடிக்கப்பட்டு. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில்: 'பாதிரியார் இரண்டு முறை எழுதிவிட்டார்.' பத்தொன்பது வருஷமாக எல்லாருக்கும் பாடம் எடுத்தவர், பாடத்திலிருந்த அதே குழியில் விழுந்திருந்தார். மிர்தா விழுந்தது அவர் தோண்டிய இடத்தில்.

நாள் முழுக்க யோசித்தார். சாயங்காலம், சாவை மட்டும் சொல்வது, பிறப்பைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தார். பால் சோதனையில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதை அவர் நினைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கூட்டம் தொடங்கியதும் தலைவர் தொன் ரெமோ தொசெல்லோ சட்டைப்பையில் கையை விட்டார். எண்பத்து நான்கு வயது, பையிலிருந்து எதுவும் சட்டென்று வராது. "மொதல்ல ஒரு கடுதாசி..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டே நிமிஷம், தொன் ரெமோ," என்று எல்வியோ எழுந்துவிட்டார்.

அவருடைய இரண்டு நிமிஷம் எவ்வளவு நேரம் என்று தெரிந்த தொசெல்லோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எல்வியோ சாவுக் குறிப்பை வாசித்தார், மெதுவாக, தேதியை இரண்டு முறை. மிர்தா மாத்தே ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"அப்போ பதினேழு மாசக் குழந்தை கப்பலேறி வந்து இங்க குடும்பம் நடத்திச்சா?" என்றார் மருந்துக்கடை ஃபியோரென்சோ. "நல்ல சுறுசுறுப்பு."

சிரிப்பு எழுந்தது. மிர்தாவும் சிரித்தாள். "எல்வியோ சொல்றது சரி. இங்க நடந்த கல்யாணப் பதிவுல பெத்தவங்க பேரு இல்ல, இத்தாலியில செத்துட்டாங்கன்னு மட்டும்தான் இருக்கு. நான் சரியாப் பார்க்கணும். பார்க்கல. தப்பு என்னோடது."

அட்டவணையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எல்வியோ மூன்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. மூன்றும் அவருக்குள்ளேயே தங்கிவிட்டன.

அதற்குள் தொசெல்லோவுக்குக் கடிதம் கிடைத்திருந்தது. "நானும் இதைத்தான் சொல்ல வந்தேன், நீ விடல. மூணு வாரத்துக்கு முன்னாடி மிர்தா குடுத்தது. 'சுவருக்கு என் மரம் வேண்டாம், விலகிக்கறேன். அடுத்ததாப் பழசு எல்வியோவோடது, அதை மாட்டுங்க.' காரணம் எழுதல. நானும் கேக்கல. பொம்பளைங்ககிட்ட காரணம் கேட்டு நான் ஜெயிச்சதில்ல."

அறையில் மற்ற எல்லாரும் எல்வியோவைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். பார்த்திருந்தால் தேவலாம்.

கூட்டம் முடிந்து நடையில் வைத்து அவளைப் பிடித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சாவுப் புத்தகத்தைப் படிச்சேன்."

"அதை யாரும் படிக்கிறதில்லையே."

"கடையில எல்லாரும் மொதல்ல சாவைத்தான் சொல்வாங்க. பழகிப்போச்சு."

"நவம்பர் மத்தேயோவும் தெரியுமா?"

"தெரியும்."

"அவன் என் அட்டவணையில இல்லன்னும்?"

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "அது உள்ள சொல்ற விஷயமா, எல்வியோ? நாலாயிரம் பேரை உட்கார்ந்து எழுதியிருக்கீங்க. நான் வரும்போது எனக்குக் கிடைச்ச ஒரே வழி அதுதான்."

"ஒரு தப்புத்தானே," என்றார் எல்வியோ.

அவள் தெருவைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பார்க்கும் பார்வை.

"எத்தனை?"

"நாப்பத்து மூணு," என்றாள். "குளிர்ல கடைக்கு ஆள் வரல. சும்மா ஒத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை, ஒரே பேரு. ஒருத்தரை அடிச்சிருக்கீங்க."

பரம்பரை போனதில் வருத்தமா என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. வருத்தம் என்று அவள் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

"எனக்கு லூயிஜாவைத்தான் பிடிச்சிருக்கு," என்றாள் மிர்தா. "அந்தப் பத்திரக்காரங்க வீட்ல என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னாடி உட்கார வச்சிருப்பாங்க."

அந்த நிம்மதியும் கிடைக்கவில்லை. இதுவரை அவளுடைய தேதிகள்மேல்தான் எல்வியோவுக்குப் பொறாமை. அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, அவளுடைய பொறுமைமேல் வந்தது, சிரித்த சிரிப்புமேல் வந்தது, தப்பை ஒத்துக்கொள்ள அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகாததன்மேல் வந்தது. கடைசியில் அந்தத் திக்கற்ற லூயிஜாமேல்கூட வந்தது. அவருடைய வம்சத்தில் அப்படி ஒருத்தி இல்லை. எல்லாரும் ஒழுங்காக அப்பா பெயரோடு பிறந்தவர்கள்.

செப்டம்பரில் அவருடைய மரம் சுவரில் ஏறியது. விழாவுக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று 1742 என்று படித்தார்கள், பிறகு பூண்டுக் குழம்பில் காய்கறியைத் தோய்த்துக்கொண்டே, மிர்தா தானாக விலகிக்கொண்ட கதையைப் பேசினார்கள். சுவர் அவருடையது, பேச்சு அவளுடையது. ஐந்து வருஷம் காத்திருந்து கிடைத்த இடத்தில் தன் தாத்தாக்கள் தொங்குவதை அவர் ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தார்.

விழா முடிந்த வாரம் முடிதிருத்தும் கடைக்குப் போனார். உள்ளே மூன்று பெண்கள் தலையில் சுருள்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்க வேண்டியிருந்தது.

"அந்த நாப்பத்து மூணு பேரோட பட்டியல் வேணும்."

மிர்தா இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பெயர், தேதி, பக்க எண், எது சரி, ஏன் சரி. ஒரு அடித்தல்கூட இல்லை.

திருத்திய பதிப்பு வேலை நவம்பர் வரை இழுத்தது. முன்னுரையில், பாதிரியாரின் கையெழுத்து மோசமாக இருந்ததால் சில பிழைகள் நேர்ந்தன என்று முதலில் எழுதினார். பாதிரியாரின் கையெழுத்து அழகாகவே இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, 'நாற்பத்து மூன்று பிழைகள், என் அவசரத்தால்' என்று எழுத அவருக்கு நான்கு நாள் பிடித்தது. 'கண்டுபிடித்துத் திருத்தியவர்: மிர்தா ஒதாஸ்ஸோ' என்று எழுத இன்னொரு இரண்டு நாள்.

அச்சகக்காரர் முகப்புத் தாளைக் காட்டி, இரண்டு பெயரும் ஒரே அளவில் போடலாமா என்று கேட்டார்.

"ஒரே அளவுதான்," என்றார் எல்வியோ. "அதுல என்ன கஞ்சத்தனம்."

வீட்டுக்கு வந்த பிரதியை நெல்சா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். அளவு ஒன்றுதான். எல்வியோ கிரார்தோத்தி என்பது தடித்த எழுத்தில் இருந்தது, மிர்தா ஒதாஸ்ஸோ என்பது சாதா எழுத்தில்.

"கிழவா," என்றாள் நெல்சா.

"என்ன? அளவு ஒண்ணுதானே," என்றார் அவர்.