"எனக்குத் தெரியாது" என்று எழுதியவர்

வெள்ளிக்கிழமை காலை நஸ்லியாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "என்ன, இண்டைக்கு லீவா?" என்று கேட்டேன். மறுமுனையில் அவருடைய தம்பி. "ராத்தா மௌத்தாகிட்டா" என்றார், அக்கா இறந்துவிட்டார் என்று. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவருக்கு நெஞ்சு நொந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது. குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். என் தம்பி சுதன்தான் என்னை எழுப்பி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, இறக்கக்கண்டியிலிருந்து கிண்ணியாவில் நஸ்லியாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனான். கிண்ணியாப் பாலம் வரும்வரை நான் அழவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் பாலத்தால்தான் வேலைக்கு வருவார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை நகரில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். கடற்றொழிலாளர்கள் கைப்பேசியில் பேசிக் கேட்பதற்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைச் செய்வது எங்கள் வேலை. நாங்கள் அதை மெஷின் என்போம். காற்றைப் பார்க்க ஒன்று, ஐஸ் எங்கே கிடைக்கும் என்று பார்க்க ஒன்று எனச் சின்னச் சின்னக் கருவிகளை மென்பொருளாகச் செய்து அதனிடம் கொடுத்திருந்தோம். எந்தக் கருவி எதற்கு என்பதை நாங்கள் எழுதி வைத்தால்தான் மெஷினுக்குத் தெரியும். அந்த விளக்கங்களை எழுதியவர் நஸ்லியா.

அதற்கு முன் அவர் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொன்னவர். "ஆக்கள் எங்க பிழையா விளங்குவாங்க எண்டு எனக்குத் தெரியும்" என்பார். மெஷின் கெட்டிக்காரன், ஒரு வரி போதும் என்று நான் சொன்னபோது, "கெட்டிக்காரனுக்குத்தான் கூடச் சொல்ல வேணும். தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி நிரப்பிப் போடுவான்" என்றார்.

சாப்பாட்டு நேரத்திலும் அவர் விடமாட்டார். எழுதிய விளக்கத்தை என் கையில் தந்து, "இப்ப நீங்கதான் மெஷின்" என்பார். தான் மீனவராகிக் கேள்வி கேட்பார். தாளில் இருப்பதை மட்டும் வைத்து நான் பதில் சொல்ல வேண்டும். கடற்கரையில் பிறந்த எனக்கு அது ஏலாத காரியம்; தெரிந்ததெல்லாம் வாயில் வந்துவிடும். "அது உங்கட வீட்டுக் கதை. தாள்ல எங்க இருக்கு?" என்று உடனே பிடித்துவிடுவார். வாயில் சோறு இருக்கும்போதுதான் கேட்பார், பொல்லாத மனுஷி.

வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு நாள், கடலுக்குப் போகலாமா என்று சுதனைப் போலவே மெஷினிடம் கேட்டுப் பார்த்தேன். அவன் இறக்கக்கண்டியில் படகு வைத்துத் தொழில் செய்பவன். "காற்றுக் குறைவு, போகலாம்" என்றது மெஷின். அலுவலகமே சிரித்தது. எங்கள் காற்றுக்கருவிக்கு அளவு வருவது மலைகள் மறைத்த உள் துறைமுகத்திலிருந்து. அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும்போதும் வெளியே கடல் கொந்தளிக்கும். இது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே எங்களில் ஒருவரும் அதை எழுதவில்லை.

நஸ்லியா சிரிக்கவில்லை. "சுதன் இப்ப எங்க?" என்று கேட்டார்.

"வீட்டதான் நிக்கிறான். கடல் சரியில்லையாம்."

"அவருக்குத் தெரியும். தெரியாத ஒராள் கேட்டிருந்தா?"

அன்றைக்கே எழுதினார்: "இந்தக் கருவி உள் துறைமுகத்தின் காற்றை மட்டும் சொல்லும். வெளிக்கடலுக்கு இதைப் பாவிக்காதே. வெளிக்கடலைப் பற்றிக் கேட்டால், எனக்குத் தெரியாது, கரையில் நிற்கிறவர்களிடம் கேளுங்கள் என்று சொல்."

பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் மெஷினை யார் பாவிப்பார்கள், அந்த வரியை எடுங்கள் என்றார். நஸ்லியா கதிரையை விட்டு எழும்பி நின்றே பதில் சொன்னார். "பாவிக்காம விடட்டும் சேர். கடலுக்குப் போறவங்க வீட்டுக்கு வரட்டும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த வரியை யாரும் எடுக்கவும் இல்லை. அதற்காகத் திட்டு வாங்கிய நாட்களும் இருந்தன. "தெரியாது எண்டு சொல்ல ஒரு மெஷினா?" என்று ஒருவர் அனுப்பிய குரற்பதிவை அவர் எனக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி நான் எங்கே கேட்பேன்?

அந்த வெள்ளிக்கிழமை கிண்ணியாவில், அவர்கள் வீட்டு வாசல் படலையில் இறங்கியபோதுதான், சுதன் தொழிலுக்குப் போகாமல் நிற்பது எனக்கு உறைத்தது. "நீ ஏன் இண்டைக்குக் கடலுக்குப் போகேல்ல?" என்று சுதனிடம் கேட்டேன்.

"வெளிக்கிட முதல் உங்கட மெஷினிட்டக் கேட்டனான். வெளிக்கடல் தனக்குத் தெரியாதாம், கரையில நிக்கிற ஆக்களிட்டக் கேக்கட்டாம். கேட்டனான். போகாத எண்டாங்கள். திரும்பி வீட்ட வந்திட்டன்."

அது யார் எழுதிய வசனம் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டைக் காட்டி, "இவதான் எழுதினவ" என்றேன். அவன் முற்றத்தில் நின்ற ஆண்களோடு போய் நின்றான்.

மத்தியான ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கத்துக்கு எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் உள்ளே நின்றோம். ஜன்னலால் பார்த்தேன். அவரைக் கிடத்திய சந்தூக்கைச் சுமந்தவர்களுக்குள் சுதனும் இருந்தான். அவன் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தோளை மாற்றக் கை நீட்டியவர்களுக்கும் அவன் கொடுக்கவில்லை. ஒழுங்கை முடிகிற தெருமுனைவரை அவனுடைய முதுகு எனக்குத் தெரிந்தது.

போய் வாருங்கள், நஸ்லியா. என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்.