கிட்டக்க எறியுற தட்டு

எண்பதுகளின் நடுவில் என் கணவர் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே வெல்டர் வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் செய்த மருத்துவச் சோதனையில் கண்ணில் பிரஷர் என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டார்கள். பெட்டியில் எனக்கொரு சேலையும் அவர் தாயாரான மாமிக்குத் தைலமும் வெள்ளை, சிவப்பு, நீலம் என மூன்று பிளாஸ்டிக் தட்டுகளும் இருந்தன. சோறு தின்னும் தட்டு என்று நினைத்து மாமி வெள்ளைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"உம்மா, அது எறிஞ்சு விளையாடுத தட்டு" என்று என் கணவர் சிரித்தார். ஊர் திரும்பிய பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அவர் இருந்த முகாமில் வெள்ளைக்கார இன்ஜினியர்கள் மணலில் இரும்புக் கம்பங்கள் நட்டு, கம்பத்தில் கூடையும் அதற்கு மேலே சங்கிலிகளும் தொங்கவிட்டிருந்தார்களாம். தூரத்திலிருந்து தட்டை எறிந்து எறிந்து கம்பத்தை நெருங்க வேண்டும். சங்கிலியில் பட்டுக் கூடையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கூடைகளைப் பற்றவைத்துக் கொடுத்தவர் இவர்தான். வெள்ளிக்கிழமைகளில் ஆள் குறைந்தால் இவரையும் கூப்பிடுவார்களாம்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது வெறும் பொட்டல்தான். சைக்கிள் ரிம்மும் பழைய சைக்கிள் செயின்களும் வாங்கி, தென்காசிப் பட்டறையில் தானே பற்றவைத்து ஒரு கூடை செய்து நட்டார்.

திருநெல்வேலி டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இவருக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டிருந்தது.

"குழாய்க்குள்ள பாக்குத மாதிரி இருக்குட்டி. கூடை தெரியுது. ஆனா கைய விட்டதும் தட்டைக் காணோம்."

ஆகவே அது எங்கே போய் விழுந்தது என்று சொல்ல நான் கூடவே நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

தூர எறிவதில் அவருக்குக் குறையில்லை. சிவப்புத் தட்டு விளிம்பு கூர்மையானது, விர்ரென்று போகும். கம்பத்தை நெருங்கிய பிறகுதான் சிக்கல். கிட்டத்தில் சிவப்பை எறிந்தால் கூடையைத் தாண்டி முள்ளுக்குள் போய்விடும். தடித்த விளிம்புள்ள வெள்ளைதான் கிட்டத்துக்கு ஏற்றது என்று முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காற்றில்லாத நாளில் அது சொன்னபடி கேட்டது. ஆனியில் குற்றாலத்து மலைப்பக்கமிருந்து சாரல் காற்று எதிரே அடிக்க ஆரம்பித்ததும், பாதி வழியில் எழும்பிப் புரண்டு விழுந்தது.

மிச்சம் நீலம். நடுத்தரக் கனம். எப்படி எறிந்தாலும் கடைசியில் இடப்பக்கம் சாயும் என்பதால் அதைக் கோணல் என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் காற்றுக்குள் அதை எறிந்தார். புரளவில்லை. வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அடுத்த முறை கம்பத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறிவைத்தார். தட்டு வளைந்து வந்து சங்கிலியில் அடித்தது.

ஆடி முழுக்க நீலத்தைத்தான் எறிந்தார். பெரும்பாலும் கூடையில் விழுந்தது. அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுதான் என்னைப் பயமுறுத்தியது.

"கண்ணு திரும்புதுட்டி. இல்லன்னா இப்படி விழுமா?"

"தட்டு சரியா அமைஞ்சிருக்கு மச்சான். கண்ணு அப்படியேதான் இருக்கு. இப்பவும் எங்க விழுந்ததுன்னு என்னையத்தான கேக்கிய?"

அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுவாரம் பம்பாய்க்குக் கிளம்பினார். அங்கே மருத்துவச் சோதனையில் தேறினால் மறுபடி வளைகுடா. நான் மறித்துப் பேசியதை மாமி அபசகுனம் என்றார்.

தேறவில்லை. ரயில் ஸ்டேஷனிலிருந்து வீடு வந்தவர், "கண்ணப் பாக்குத மெஷினுக்குள்ள வெளக்கு எங்கெங்க எரியுதுன்னு டாக்டர் கேட்டான். பாதி வெளக்கு எனக்குத் தெரியவே இல்ல" என்று மட்டும் சொன்னார். பின்னால் பொட்டலுக்கு அதற்குப் பிறகு அவர் போகவில்லை. நீலத்தை எடுத்து வரட்டுமா என்று ஒரு சாயங்காலம் கேட்டேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அவர் சொன்ன பார்வைக் குழாய் வருஷத்துக்கு வருஷம் குறுகி அடைத்துப்போனது. நான் பீடி சுற்ற உட்கார்ந்தேன். அவர் ரேடியோ பக்கத்திலேயே இருப்பார். சவூதிக்கு விசா வந்த பையன்கள் முகாம் எப்படி இருக்கும் என்று விசாரிக்க வந்தால் மட்டும் வாய் திறப்பார்.

"போறதுக்கு முன்னால டாக்டர்ட்ட கண்ணக் காட்டிட்டுப் போங்கலே. வருஷா வருஷம் காட்டுங்க."

"சரி அண்ணாச்சி" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவனும் காட்டியதாக நான் கேள்விப்படவில்லை.