விரலால் பார்த்து வாங்கிய ஆயில் பம்ப்

எங்கள் வீட்டில் எந்தச் சரக்கையும் விரலால்தான் பார்ப்போம். பட்டு நூலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓடவிட்டு, முதல் தரமா ஏமாற்றுச் சரக்கா என்று சொல்லிவிடுவார் அப்பா. வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மினுங்க வேண்டும். அதுதான் நல்ல பட்டு. தறியில் உட்காரப் பிடிக்காமல் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, தொழில் கைவிட்டுப் போனாலும் விரலின் திமிர் மட்டும் போகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், காரின் ஆயில் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஐயம்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்கு எண்ணெயை மேலே ஏற்றும் பம்ப் தேய்ந்துவிட்டது, வேறு மாட்டியே ஆக வேண்டும் என்றார்.

"மெட்ராசுக்குப் போய் நீயே வாங்கியாந்துடுபா. புதுசா இருந்தாலும் சரி, பழைய வண்டியில கழட்டினதா இருந்தாலும் சரி. ஆனா இத்த வெச்சுப் பாக்காம வாங்காத" என்று தன் பீலர் கேஜை என் கையில் கொடுத்தார். கத்தி மடிப்பதுபோல் மடித்து வைத்த மெல்லிய எஃகுத் தகடுகள் அவை. அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "பம்ப் மூடிய கழட்டி, பல்சக்கரத்துக்கு மேல ஒரு நேரான இரும்புப் பட்டைய குறுக்க வை. நடுவுல இந்தத் தகடு நுழைஞ்சுதுன்னா தேஞ்ச சரக்கு. வெச்சுட்டு வந்துடு."

புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் என் முன்னால் இரண்டு பம்புகளை வைத்தார். ஒன்று புதியது. மங்கலாக இருந்தது, கையால் சுற்றினால் முரண்டு பிடித்தது. மற்றது ஏதோ காரிலிருந்து கழற்றியது. உள்ளே பல்சக்கரம் கண்ணாடியாக மின்னியது, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. எனக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. காசை மிச்சம் பிடிக்க அதை எடுத்தேன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். காசு கையில் இருந்தது. மினுமினுப்பைப் பார்த்து மயங்கினேன், அவ்வளவுதான். இரும்பில் மினுமினுப்பு என்றால் தேய்மானம் என்று இந்த அறிவாளிக்கு உறைக்கவில்லை. பாய் கொடுத்த தகடுகள் சட்டைப்பையில் இருந்தன. அவற்றை எடுத்து அளக்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

சாயங்காலம் பட்டறையில் பாய் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகடு வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் பாய். நுழையல."

"எதுக்கும் நானும் ஒருவாட்டி..."

"என்ன பாய், எம்மேல நம்பிக்க இல்லியா? காலைல சவாரி இருக்குது, மாட்டுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அளந்து பார்க்காமலே பம்புக்குள் எண்ணெயை ஊற்றி மாட்டினார். எஞ்சினைப் போட்டோம். ஆயில் விளக்கு உடனே அணைந்தது. நான் மீசையை முறுக்காத குறை.

மறுநாள் சவாரிக்கு வந்தவர்கள் திருப்பருத்திக்குன்றத்து ஜைனத் தம்பதி. அவர் நிலக்கடலை வியாபாரி. அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருந்திருந்தார். வந்தவாசிக்கு அப்பால் இருக்கும் பொன்னூர் மலையில் வணங்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பித்தான் வாயில் நீர் ஊற்றுவது என்று வேண்டுதல். ஆனால் ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அந்த அம்மா தண்ணீரும் தொடமாட்டார். "நாலு மணிக்கெல்லாம் வீட்ல விட்டுடுபா" என்றார் வியாபாரி. "மூணுக்கே விட்டுடறேன்" என்றேன்.

போகும்போது குறையில்லை. திரும்பும்போது உச்சி வெயில். எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகியதும், தேய்ந்த பம்பால் அதைத் தள்ள முடியவில்லை. வந்தவாசி தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டேன். கிளப்பினேன், மறுபடி எரிந்தது. ஆறவிடுவதும் கிளப்புவதுமாகவே பிற்பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் எஞ்சினுக்குள் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஓட்ட முடியாது. வீட்டுக்கு இன்னும் ஏழெட்டு மைல் இருந்தது. ஒரு பஸ் வந்தது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்தோடு நிற்காமல் போயிற்று.

அந்த அம்மா இடப்பக்க ஜன்னல் வழியாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து அவர்களை ஏற்றும்போது பொழுது பனைமரங்களுக்குக் கீழே போய்விட்டது. அந்த அம்மா கண்ணை மூடிக் கை கூப்பினார். இனி மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானெட்டைத் திறந்து எதையோ நோண்டினேன். அங்கே நோண்ட ஒன்றுமில்லை.

மறுநாள் பாய் வந்து வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போனார். பம்பைக் கழற்றித் தகட்டை வைத்தார். தாராளமாக நுழைந்தது. அதற்கு அடுத்த தடிமன் தகடும் நுழைந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ பாக்கச்சொல்ல சரியாத்தான் இருந்திருக்கும். நான் மாட்டச்சொல்ல எதுனா தப்பு பண்ணிட்டேன்போல. அந்தம்மா எப்படிக்கீறாங்க?"

அவர் மயங்கி விழுந்துவிட்டார், காலையில் வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு, "வா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று சைக்கிளை எடுத்தார். வரமாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

அந்த அம்மா கூடத்தில் கோரைப்பாயில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பாய் வாசலிலேயே நின்று, "அம்மா, தப்பு என்னுதுமா. நான் இன்னொருவாட்டி பாத்துட்டு மாட்டியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"ரெண்டு பேரும் பாத்துத்தான செஞ்சீங்க. அதுக்கு மேல நடந்துதுன்னா அது என் வினைபா. எந்தப் பிறவியில யாரத் தாகத்தோட அனுப்பினேனோ" என்றார் அந்த அம்மா. பிறகு கணவரைப் பார்த்து, வெயிலில் வந்திருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

பாய் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அந்த அம்மா தன்மேல் போட்டுக்கொண்டார். துணியில் வடிகட்டிய தண்ணீரை இரண்டு தம்ளர்களில் கொண்டுவந்தார் வியாபாரி. எனக்கு நல்ல தாகம். முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, போதும் என்று திருப்பிக் கொடுத்தேன்.