முள்ளண்ணனின் கைச் சுற்றளவு

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் முள்ளண்ணன். இருபத்திரண்டு வருடம் பாய்லர் ரூமில் நின்று பிரஷர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த பட்டம். மற்றபடி முள்ளுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நூற்றுப் பத்து கிலோ எடை. சட்டைக் கையைத் தையற்காரர் இரண்டு முறை பிரித்துத் தைத்த பிறகுதான் அவர் கை அதற்குள் போகும்.

ஆலையைச் சுற்றிப் பார்க்க யார் வந்தாலும் அவர் ஒரு வேடிக்கை காட்டாமல் விடமாட்டார். புது அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, வெறுங்காலோடு அதன் மேல் நடப்பார். அட்டை அப்படியே இருக்கும். பிறகு ஆபீஸில் தட்டச்சு செய்யும் ஒல்லி அம்மாளைக் கூப்பிடுவார். அந்த அம்மாள் குச்சிக் குதிகால் செருப்போடு இரண்டு அடி வைத்தாலே அட்டையில் இரண்டு ஓட்டை விழும்.

"பாத்தீங்களா? அம்மா அம்பது கிலோதான். நான் அதுல ரெண்டு பங்குக்கு மேல. ஆனா ஓட்டை போட்டது யாரு? எடை பெருசில்லீங்க. அந்த எடை எவ்வளவு எடத்துல இறங்குதுங்கறதுதான் பிரஷர்."

மீட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவ்வளவுதான், கேட்பவர் டீ குடிக்கப் போக முடியாது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. உள்ளே நீராவியின் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வைத்தான் முள் நமக்குக் காட்டுகிறது என்பார். ஏழு கிலோ என்று முள் சொன்னால், பாய்லரின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏழு கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். குழாய் களைத்துப்போனால் முள் பொய் சொல்லும். அதனால் திங்கட்கிழமை தவறாமல் இன்னொரு மீட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பார். "ஒத்தை மீட்டரை நம்பினவன் உருப்பட்டதில்லை" என்பது அவர் வேதவாக்கு. அப்படிப்பட்ட மனிதர் எங்கே கோட்டை விட்டார் என்பதுதான் இந்தக் கதை.

அவருடைய தங்கை அதே ஆலையின் மருந்தறையில் நர்ஸ். தங்கையின் கணவர் பாய்லர் ரூமில் அவருக்கு அடுத்த ஆள். அண்ணனும் மாப்பிள்ளையும் நீராவி பார்க்க, தங்கை காயத்துக்கு மருந்து போட, மூவரும் மதியம் ஒரே பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார்கள். பார்த்தவர் கண் படும்படியான குடும்பம்.

போன வருடம் ஆலையில் ஒரு புது விதி வந்தது. பாய்லர் ரூமில் நிற்பவர்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் ரத்த அழுத்தம் சோதிக்க வேண்டும். மூன்று நாளும் நூற்று அறுபதுக்கு மேல் போனால், ஆளை ஸ்டோருக்கு மாற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுசோதனை. அதிலும் அதிகமென்றால் பாய்லர் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

முள்ளண்ணன் சிரித்துக்கொண்டேதான் மருந்தறைக்குப் போனார். தங்கை அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். பட்டை போதவில்லை. காற்றை அடிக்க அடிக்க, ஒட்டும் முனை பட்டென்று பிரிந்துகொண்டது.

"அண்ணே, இது கையா, கட்டடத்துத் தூணா?" என்று தங்கை சிரித்தாள். பிரிந்த முனையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். நூற்று அறுபத்தெட்டு. மறுநாள் நூற்று எழுபது. மூன்றாம் நாள் மறுபடி நூற்று அறுபத்தெட்டு.

"பாதரசக் கணக்குல நூத்தி அறுபத்தெட்டு. நம்ம கணக்குக்கு மாத்தினா கால் கிலோகூட வரலையேம்மா! ஏழு கிலோவைக் கட்டி மேய்க்கறவனுக்கு இது ஒரு பிரஷரா?" என்று அவர் வேடிக்கை பேசிப் பார்த்தார்.

"ரத்தக் குழாய் இரும்பு இல்லண்ணே" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க' என்று வீட்டில் மனைவியிடம் சொல்லி உருகினார்.

மாதம் ஒருமுறை வரும் டாக்டர், பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். பாய்லர் ரூம் சாவி மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. "ஆறு மாசம்தான் மச்சான், அதுவரைக்கும் பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை சொன்னபோது முள்ளண்ணன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் உப்புக்குத் தடை. தங்கையே வந்து அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை முள்ளண்ணன் ஆறு மாதம் மூன்று வேளையும் விழுங்கினார். காலையில் நடை, மாலையில் நடை. ஸ்டோரில் ஆணியும் பசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் சுவரில் காதை வைப்பார். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் பாய்லர். உறுமலைக் கேட்டே ஆறரையா ஏழா என்று சொல்லிவிடுவார். சொல்லி என்ன, கேட்க ஆளில்லை. பாய்லரைப் பிரிந்து அவர் உண்மையிலேயே ஏங்கிப் போயிருந்தார்.

மறுசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மனைவிக்கு இருமல். மருந்துக்கடைக்கு அவளோடு போனார். கடையில் பிரஷர் பார்க்கும் மீட்டரும் இருந்தது.

"என்னங்க, நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்களேன்" என்றாள் மனைவி.

கடைக்காரர் சாதாரணப் பட்டையை எடுத்தார், அவர் கையைப் பார்த்தார், அதை வைத்துவிட்டு அகலமான வேறொன்றை எடுத்தார். நூற்று இருபத்தாறு.

"உங்க மீட்டர் கோளாறுங்க" என்றார் முள்ளண்ணன்.

"மீட்டர் சரிதாங்க. சரி, சின்னப் பட்டையில பாப்போமா?" கடைக்காரர் பட்டையை மாற்றிக் கட்டினார். அதே மீட்டர், அதே கை, அதே நாற்காலி. நூற்று அறுபத்தாறு.

"இந்தக் கைக்கு இது பத்தாதுங்க. பட்டை சின்னதா இருந்தா அழுத்தம் ஓரத்துலயே நின்னுடும், ஆழத்துல இருக்கற ரத்தக் குழாய் வரைக்கும் முழுசா போய்ச் சேராது. அதை அடைக்க இன்னும் இன்னும் காத்தடிக்கணும். அந்த எக்ஸ்ட்ராவையும் சேர்த்துத்தான் முள்ளு காட்டும். நர்ஸுங்களுக்கு முதல் பாடமே இதுதானே."

முள்ளண்ணன் தன் கையையே பார்த்தார். வாழ்நாள் முழுக்க அட்டையைப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிய வேடிக்கை அவர் கையிலேயே நடந்திருக்கிறது. ஆறு மாதமாக அது அவருக்குத் தெரியவில்லை. பாய்லருக்குத் திங்கள்தோறும் இரண்டாவது மீட்டர் மாட்டியவர், தங்கையின் கைக்கு மட்டும் இரண்டாவது மீட்டர் தேடவில்லை. தேடுவது அவளை அவமதிப்பதாகும் என்று நினைத்திருந்தார்.

அப்போதும் அவளைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. மருந்தறைக்குப் பெரிய பட்டை வாங்கியே தரவில்லையோ என்னவோ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் ஸ்டோரில் மருந்தறைச் சாமான்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தார். கடைசித் தட்டில், பிளாஸ்டிக் உறை பிரித்த ஒரு பெரிய பட்டை இருந்தது. சுவரோரம் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு சீட்டு கிடைத்தது. 'பெரிய கைப்பட்டை ஒன்று. தேவையில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே தங்கையின் கையெழுத்து. தேதி, அவருடைய முதல் சோதனைக்கு இரண்டு நாள் முன்பு.

சீட்டைக் கம்பியிலிருந்து உருவிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கூட இருந்தே குழி பறிப்பவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார். அவர்கள் கண் கலங்கிக்கொண்டே பறிப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே!

மறுசோதனைக்கு முந்தின நாள் மதியம், மருந்தறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். பட்டையையும் சீட்டையும் அவள் மேஜை மேல் வைத்தார். தங்கை சீட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ஏம்மா?" என்றார்.

அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அவருக்கு வயசு தாண்டப் போகுதுண்ணே. இந்த வருஷத்துக்குள்ள பாய்லர் ரூமுக்கு ஹெட்டா ஆகலேன்னா அப்புறம் எப்பவுமே ஆக முடியாது. தினமும் வீட்டுல இதே பேச்சு. 'உங்கண்ணன் போனாத்தான் எனக்கு விடிவு'ன்னு. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே. நானே ஒதுங்கியிருப்பேனே."

சொன்ன பிறகு, ஒதுங்கியிருப்போமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அவளும் அதை நம்பாதவள் போலத்தான் பார்த்தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "நாளைக்கு இந்தப் பட்டையைக் கட்டு. வர்றது வரட்டும். இந்தச் சீட்டை நீயே கிழிச்சுப் போட்டுடு. யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உன் வேலை போயிடும்."

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கட்டறேண்ணே. சத்தியமா கட்டறேன்" என்றாள். ஸ்டோரிலிருந்து ஓர் ஆணி வெளியே போனாலும் எழுதி வைக்கிறவர், அந்தப் பட்டை போனதை மட்டும் எங்கும் எழுதவில்லை. அன்றிரவு ஆறு மாதத்துக்குப் பிறகு உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை மருந்தறையில் மேனேஜரும் இருந்தார். மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முள்ளண்ணன் சட்டைக் கையைச் சுருட்டி மேஜை மேல் நீட்டினார். தங்கை இழுப்பறையைத் திறந்து பட்டையை எடுத்தாள். சின்னப் பட்டை.

அவர் அவளைப் பார்த்தார். அவள் பட்டையை மட்டும் பார்த்தாள்.

"பெரிய பட்டையைக் கட்டும்மா" என்றார், மெதுவாக.

"என்ன பெரிய பட்டை?" என்று மேனேஜர் கேட்டார்.

"அப்படி ஒண்ணு நம்ம ஆலைக்கு வந்ததே இல்ல சார்" என்றாள் தங்கை. குரலில் ஒரு பிசிறு இல்லை. "எல்லாருக்கும் இதுலதான் பாக்கறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பூசணிக்காயைத் தன் கையால் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர் இவர்தான். சீட்டு இல்லை, பட்டை இல்லை, பதிவும் இல்லை. அவளைக் காப்பாற்ற நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அவளுக்கு வசதியாகப் போயிற்று. முதல் தடவை கணவனின் நச்சரிப்பில் செய்தாள் என்று வைத்துக்கொண்டாலும், இந்தத் தடவை அண்ணன் சொல்லமாட்டான் என்று தெரிந்தே செய்கிறாள்.

காற்று ஏறியது. ஒட்டும் முனை பட்டென்று பிரிந்தது. தங்கை பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினாள்.

"தொடாதே" என்றார். வாசலில் நின்ற மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். "நானே பிடிச்சுக்கறேன்."

இடது கையால் பட்டையின் முனையைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேஜை மேல் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தாண்டியது. பிறகு இறங்கத் தொடங்கியது. தங்கை காதில் குழாயை வைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னாள். நூற்று எழுபத்திரண்டு.

மேனேஜர் நல்ல மனிதர். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "உங்களுக்குச் சந்தேகம் இருந்தா எழுதிக் கொடுங்க. வெளிய டாக்டர்கிட்ட பாத்துடலாம். வித்தியாசம் வந்தா இங்க என்ன நடந்துச்சுன்னு விசாரிக்கறேன்."

அப்போதுதான் தங்கை தலையை நிமிர்த்தி, அன்று முதல் முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இதே பார்வையைத்தான் ஆறு மாதம் முன்பு பாசம் என்று நினைத்து வீட்டில் போய் உருகியிருந்தார். வெறும் பயம். அப்போதும் இதுதானா? அவளை மன்னிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால் வாயைத் திறந்து அவளைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. அது தெரிந்துதான் அவள் பார்க்கிறாள் என்பது இன்னும் எரிந்தது.

அவர் பட்டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். அது இருந்த இடம் கையில் சிவப்பாகத் தடித்திருந்தது. சட்டைக் கையை அதன் மேல் இறக்கி விட்டுக்கொண்டார்.

"வேண்டாம் சார்" என்றார். "மீட்டர் மேல தப்பில்ல."