கால் இல்லாத பூச்சி

என் இடது காது இன்னும் செவிடுதான், சகோதரங்களே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது திறந்த அற்புதத்தைக் கேட்க வந்தவர்கள் ஏமாந்து போகக்கூடாது. ஆனாலும் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு இந்தச் செபக்கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன்.

நான் மட்டக்களப்பு டவுனில் பிறந்த பறங்கி, போர்த்துக்கீச வழி வந்தவன். ஒன்பது வருடம் ஆமியில், இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தேன். காயப்பட்டவனைத் தூக்கி வருவது, இரத்தத்தை நிறுத்துவது, மூச்சுக் கொடுப்பது, இதுதான் வேலை. கிட்ட விழுந்து வெடித்த ஒரு செல்லோடு இடது காது போனது. ஆமி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தெரிந்த தொழிலை விட மனம் வராமல், இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த நாள் முதல் எரிச்சல்தான். காலையில் சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்களை விட்டுட்டு அங்கே உனக்கென்ன வேலை?" என்று கேட்பார்கள். உள்ளே வந்தால் நோயாளிகள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். நான் ஆமியில் இருந்தவன் என்ற செய்தி எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். போதாததற்குப் பெரிய டொக்டர் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்:

"இடப்பக்கம் நிண்டு கூப்பிட்டா உமக்குக் கேக்கிறதில்ல. இஞ்ச அது ஆளைக் கொல்லும். இந்தக் கிழமை முடிய உம்மை வைச்சிருக்கிறதோ எண்டு ஒரு முடிவெடுப்பம்."

எனக்கு அழுகையே வந்தது. ஆறு மாதமாக இந்தக் காதுக்காகத்தான் செபித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கோபத்தில் கேட்டேவிட்டேன்: "ஆண்டவரே, எனக்கு ஒரு காதுதான் செவிடு. உமக்கு இரண்டுமா?" இதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டது உண்மை.

அன்றைக்கு என்னை வாசல் மேசையில், வருகிற நோயாளிகளுக்கு என்ன நோய் என்று துண்டு எழுத இருத்தினார்கள். மாசி மாதம், வேளாண்மை வெட்டுக் காலம். ஒன்பது மணிபோல, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தா. விடியப் புறப்பட்டு, ட்ரக்டரில் வந்து, ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி ஏறி வந்திருக்கிறார்கள். அம்மாவின் பெயர் தங்கம்மா.

"வயல் வட்டைக்குள்ள காவலுக்குப் படுத்திருந்தவர் மனே. பூச்சி கடிச்சிற்று."

காலைப் பார்த்தேன். வீக்கமில்லை. கடித்த இடமே சரியாகத் தெரியவில்லை. துண்டில் 'பூச்சிக்கடி' என்று எழுதி, வாங்கில் உட்காரச் சொன்னேன்.

"பெரிய பூச்சி மனே," என்றா அவ.

"பெரிசோ சின்னனோ, வரிசையில இருங்கோ!" என்று சீறினேன். என் மனம் முழுக்க டொக்டரின் முடிவுதான் நின்றது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் தங்கம்மா நிற்கிறா, கண்ணெல்லாம் தண்ணீர். என் இடப்பக்கத்தில் நின்று எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறா. எனக்குக் கேட்கவில்லை.

"இவருக்குக் கண் திறக்க ஏலாம இரிக்கி மனே. பேச்சும் குழறுது."

எழும்பி வலது காதை அவவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"என்ன பூச்சியம்மா?"

அவ நாலு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னா: "பேரைச் சொல்லப்படா மனே. சொன்னா விஷம் ஏறும்."

அப்போதுதான் விளங்கியது. பாம்பு! பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த படுவான்கரைப் பொடியன்களும் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த சொல்தான். ஆமியும் கோபமும் சேர்ந்து அதை மறக்கடித்துவிட்டன.

அந்த மனுசனை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். விஷமுறிவு மருந்து ஏற்ற ஏற்றவே மூச்சு நின்றது. இருந்த ஒரேயொரு மூச்சு இயந்திரம் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுப்பையை எடுத்து அவர் முகத்தில் பொருத்திக் கையால் அமுக்கத் தொடங்கினேன். கை கடுத்தபோது தாதி மிசி கொஞ்சம் வாங்கினா, திரும்ப நான். பின்னேரம் இயந்திரம் கிடைக்கும் வரைக்கும் அமுக்கினோம். அவ்வளவு நேரமும் எனக்கு ஒரே செபம்தான்: "ஆண்டவரே, என் காதை விடும். இந்த மனுசனுக்கு மூச்சைத் தாரும்." ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்காகக் கேட்காத செபம் அது.

அன்று மாலையே டொக்டரிடம் போனேன். துண்டில் அப்படி எழுதியது நான்தான், அந்த அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நல்லாய் ஏசினார். ஏசி முடித்துவிட்டுச் சொன்னார்:

"காது கேக்காதது உம்மட குற்றமில்ல. ஆளை விசாரியாம எழுதினதுதான் குற்றம். நாளைக்கு வந்து அந்த மேசையை மற்றச் சுவரோட போடும். வாறவங்க உம்மட வலப்பக்கமா வரட்டும்."

அவ்வளவுதான். ஆறு மாதமாக நான் அற்புதம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மேசையை மாற்றிப் போட்டார். அதைச் செய்யலாமென்று என் மண்டைக்கு ஒருநாளும் படவில்லை.

நான்காம் நாள் தங்கம்மாவின் புருஷன் கண் திறந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதேன். என் பயிற்சி இன்றைக்கும் தொடர்கிறது. இப்போது யார் வந்து பூச்சி என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கால் உள்ள பூச்சியா, கால் இல்லாத பூச்சியா?" பெயரைச் சொல்லாமலே பதில் சொல்லிவிடுவார்கள். மிசிமாரும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

சென்றியில் இன்னும் என்னை மறிக்கிறார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை ஆண்டவரிடமே கொண்டுபோகிறேன். நீங்களும் அப்படியே போங்கள். நல்ல வார்த்தை வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பாலத்தில் நான் கேட்ட கேள்விக்கே அவர் கோபிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னோடு பேச விரும்புகிறவர்கள், தயவுசெய்து வலப்பக்கமாக வாருங்கள்.